கற்பிக்கும் இடமா, கற்கும் இடமா?

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை வீதியில் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் போனால் அளுவிஹாரை வரும். எங்கட ஆட்களில் பலர் பஸ்ஸில் அந்த இடத்தைக் கடந்து போவதோடு சரி. ஆனால் கல்வியைப் பற்றி எழுதுகிற, பேசுகிற நாம் ஒரு தரமாவது அங்கே நின்று யோசிக்க வேண்டும். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னனின் காலத்தில், பௌத்தர்களின் திரிபிடகம் முதன்முதலாக எழுத்தில் வந்தது அங்கேதான் என்பது மரபு. அதுவரை அது பிக்குகளின் மனனத்திலேயே இருந்து வந்தது. பஞ்சமும் போரும் சேர்ந்து வந்து, மனனம் செய்தவர்கள் குறையத் தொடங்கியதும், ஆட்களோடு போதனையும் போய்விடும் என்ற பயம் வந்தது. அதனால் ஓலையில் எழுதினார்கள்.

நமது வரலாற்றிலும் இதே போன்ற ஒரு கட்டம் உண்டு. யமாமாப் போரில் குர்ஆனை மனனம் செய்த ஸஹாபாக்கள் பலர் ஷஹீதானார்கள். அதைக் கண்டுதான் உமர் (ரலி) அவர்கள் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போய், குர்ஆனை ஒன்றுதிரட்டும்படி வற்புறுத்தினார்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் அந்தப் பாரிய பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையே காலமும் தூரமும் கொள்கையும் வேறு. ஆனாலும் இரண்டிலும் ஒரு சமூகம் தன்னைத் தானே ஒரு கேள்வி கேட்டிருக்கிறது: "இதை அறிந்தவர் நாளை இல்லாவிட்டால் என்ன ஆகும்?" இந்தக் கேள்வியை நமது பாடசாலைகளிலும் கடைகளிலும் தொழிற்றளங்களிலும் நாம் கேட்பதில்லை. கல்வி பற்றிய எங்கட பேச்சில் உள்ள பெரிய ஓட்டை இது என்பது என் எண்ணம். அதைத்தான் இக்கட்டுரையில் பேசப் போகிறேன்.

முப்பது வருடம் கணிதம் படிப்பித்த ஓர் ஆசிரியை ஓய்வுபெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொன்னாடை, ஞாபகச் சின்னம், வாழ்த்துப்பா, பகல் சாப்பாடு எல்லாம் நடக்கும். பின்னத்தைக் கண்டு பயப்படுகிற பிள்ளையை அவர் எப்படி வழிக்குக் கொண்டு வந்தார், எந்த இடத்தில் பிள்ளைகள் வழமையாகத் தடுமாறுவார்கள், அதற்கு என்ன உதாரணம் கை கொடுத்தது என்பதெல்லாம் அன்று பின்னேரம் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். மறுநாள் அந்த வகுப்புக்கு வருகிற புதிய ஆசிரியை முதலாவது வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். முப்பது வருட அனுபவம் பாடசாலைக்குச் சொத்தாகச் சேரவில்லை. ஓர் ஆளுக்குள் சேர்ந்து, அந்த ஆளோடு போய்விட்டது.

எதைக் கல்வி என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்?

"கற்றல் கலாசாரம்" என்ற சொல் இப்போது எல்லாச் செயலமர்வுகளிலும் காதில் விழுகிறது. கம்பனி முகாமைத்துவத்திலிருந்து கல்விக்குள் நுழைந்த பேச்சு இது. 1990இல் அமெரிக்கரான பீற்றர் செங்கே எழுதிய நூல் ஒன்று "கற்கும் நிறுவனம்" என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியது. ஒரு நிறுவனத்தில் மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் தொடர்ந்து சேர்ந்து கற்றுக்கொண்டிருந்தால்தான் அது நிலைக்கும் என்பது அதன் சாரம். நம்மிடம் வந்து சேரும்போது அந்தச் சாரம் எங்கேயோ விழுந்துவிட்டது. பிள்ளைகள் எப்படிப் படிக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். பெரியவர்கள் கற்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அந்த இடைவெளியை மூன்று விடயங்களால் நிரப்பி வைத்திருக்கிறோம்.

முதலாவது கட்டடம். கல்விக்குக் கொடுக்கிற மனம் நம் ஊர்களில் குறைந்ததே இல்லை. பழைய மாணவர்கள், பள்ளிவாசல் நிர்வாகம், வெளிநாட்டில் உழைக்கிற பிள்ளைகள் எல்லோரும் கொடுக்கிறார்கள். மண்டபம் எழும்புகிறது, நுழைவாயில் எழும்புகிறது, பெயர் பொறித்த கல்லும் பதிக்கப்படுகிறது. நூலகத்துக்குக் கண்ணாடி அலுமாரி வருகிறது. அந்த அலுமாரியின் சாவி யாரிடம் என்று கேட்டால்தான் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்க்கிறார்கள். கொடுத்தவர்கள் மீது குறை சொல்ல முடியாது. அந்த அலுமாரியிலிருந்து கடந்த தவணை எத்தனை ஆசிரியர்கள் ஒரு புத்தகம் எடுத்து வாசித்தார்கள் என்று கேட்கிறவர் யாரும் இல்லாததுதான் குறை.

இரண்டாவது பெறுபேறு. தரம் ஐந்து புலமைப்பரிசில் பெறுபேறு வந்த கிழமையில் எந்தச் சந்தியில் பார்த்தாலும் பிள்ளைகளின் படம் போட்ட பனர் தொங்கும். சந்தோஷம்தான். ஆனால் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளை, தான் படிப்புக்கு உதவாதவன் என்ற முடிவோடு பத்து வயதில் அந்தப் பனரின் கீழால் நடந்து பள்ளிக்கூடம் போகிறது. பெறுபேறு என்பது பிள்ளை ஒரு நாளில் எழுதிய விடை. அந்த விடையை எழுத வைக்கக் கடந்தகால வினாத்தாள்களை இரண்டு வருடம் திரும்பத் திரும்பச் செய்வித்திருந்தால், கற்றலின் பெயரால் நடந்தது பழக்கம் மட்டும்தான். அப்படிப் பழகிய பிள்ளை ஏழாம் எட்டாம் வகுப்பில் தடுமாறும்போது நாம் ஆச்சரியப்படுகிறோம்.

மூன்றாவது செயலமர்வு. ஆசிரியர்களுக்கான பயிற்சிகள் நடக்கத்தான் செய்கின்றன. வரவுப் பதிவில் கையொப்பம், நடுவில் தேநீர், பகல் சோற்றுப் பார்சல், முடிவில் சான்றிதழ். வளவாளர் நன்றாகவே பேசியிருப்பார். மறுநாள் பாடசாலைக்கு வந்ததும் "நேற்று என்ன படித்துக்கொண்டு வந்தீங்க? எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டால் அது பயன். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. சான்றிதழ் கோவைக்குள் போகும், பாடம் பழையபடி நடக்கும்.

தவணைப் பரீட்சை முடிந்து புள்ளிப் பகுப்பாய்வுக் கூட்டம் நடக்கிற விதத்தையும் பார்க்க வேண்டும். வரைபு போட்டுக் காட்டப்படும். எந்தப் பாடத்தில் எத்தனை வீதம் என்று சொல்லப்படும். உடனே, "அந்தப் புள்ளைகளுக்கு அடிப்படையே இல்ல சேர்" என்று ஒரு குரல் வரும். கீழ் வகுப்பில் படிப்பித்தவர் வீட்டுச் சூழலைச் சொல்வார். பெற்றோர் கூட்டத்தில் வீட்டார் ஆசிரியரைச் சொல்வார்கள். குற்றம் ஒரு சுற்றுச் சுற்றி விட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். "நான் இந்தப் பாடத்தை இப்படி நடத்தினேன், அது பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை, வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று ஓர் ஆசிரியர் எழும்பிச் சொல்லக்கூடிய கூட்டத்தை நாம் இன்னும் உருவாக்கவில்லை. அப்படிச் சொன்னால் அது அவருடைய பலவீனமாகக் கணக்கில் சேரும் என்ற பயம்தான் காரணம்.

இந்தப் பயம் மாற்ற முடியாத ஒன்றல்ல. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஐம்பது வயது தாண்டிய ஆசிரியர்கள், நியமனம் கிடைத்து இரண்டு வருடமான ஆசிரியைகளிடம் ஸூம் எப்படித் திறப்பது, வட்ஸப்பில் பாடத்தைப் பதிவு செய்து அனுப்புவது எப்படி என்று கேட்டுப் படித்தார்கள். யாரும் வெட்கப்படவில்லை, யாரும் சிரிக்கவும் இல்லை. தெரியாது என்று சொல்வது அந்த மாதங்களில் சாதாரணமாகிவிட்டது. எங்கட பாடசாலைகளுக்குள்ளே கற்றல் கலாசாரம் கொஞ்ச நாள் உண்மையாகவே இருந்தது. பாடசாலை வழமைக்குத் திரும்பியதும் அதுவும் போய்விட்டது. போனதற்காக யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நமது மரபு என்ன சொல்கிறது?

கல்வி விழா மேடைகளில் "இக்ரஃ" என்று தொடங்காத பேச்சு மிகக் குறைவு. குர்துபாவையும் பக்தாதையும் சொல்லி, நாம் ஒரு காலத்தில் எப்படி இருந்தோம் என்று பெருமைப்படுவோம். அந்தப் பெருமை பிழையில்லை. ஆனால் அந்தக் காலத்து அறிஞர்கள் எப்படிக் கற்றார்கள், எந்த ஒழுக்கத்தால் அந்தச் சபைகள் நிலைத்தன என்பது அந்தப் பேச்சுகளில் வருவதில்லை.

இலங்கையில் நம்மில் மிகப் பெரும்பாலானோர் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறோம். இமாம் ஷாஃபி (ரஹ்) அவர்கள் இராக்கில் இருந்தபோது சொன்ன தீர்ப்புகள் ஒரு தொகுதி. வாழ்நாளின் கடைசி ஆண்டுகளில் எகிப்துக்குப் போய், அங்கே தம் முடிவுகளை மீள ஆராய்ந்து பலவற்றை மாற்றிக்கொண்டார்கள். முன்னையதைக் "கவ்ல் கதீம்" என்றும் பின்னையதைக் "கவ்ல் ஜதீத்" என்றும் மத்ரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். பெரும் புகழ் பெற்ற ஓர் இமாம், தாம் முன்பு சொன்னதைத் தம் மாணவர்கள் முன்னிலையிலேயே திருத்தினார்கள். அதனால் அவர்களுடைய மதிப்பு இம்மியும் குறையவில்லை. மாணவர்கள் பழையதை மறைத்துவிடவும் இல்லை. இரண்டையும் அறிந்துவைத்து, எது எப்போது சொல்லப்பட்டது என்று அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் தூரத்திலிருந்து வந்தவர்கள் கேட்ட பல கேள்விகளுக்கு "எனக்குத் தெரியாது" என்று விடை சொன்னதாக அவர்களது வரலாற்றில் படிக்கிறோம். ஃபத்வாவின் முடிவில் "வல்லாஹு அஃலம்" என்று எழுதுகிற வழக்கமும் அதே அதபிலிருந்து வந்ததுதான். தெரியாததைத் தெரியாது என்பதும், திருத்த வேண்டியதைச் சபையில் திருத்துவதும், இரண்டையும் எழுதிவைப்பதும் நமக்கு வெளியிலிருந்து வர வேண்டியவை அல்ல. செங்கேயின் நூலுக்குப் பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் ஹல்காக்களில் இருந்தவை. மத்ஹபைப் பேணிய நாம் இந்தப் பழக்கத்தைப் பேணவில்லை.

சித்திலெப்பையும் அஸீஸும்

இலங்கை முஸ்லிம்களின் கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் "முதல்" என்ற சொல்லில் அதிகம் மயங்குகிறார்கள். 1838இல் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பையை எடுத்துக்கொள்வோம். 1882இல் "முஸ்லிம் நேசன்" தொடங்கினார், 1885இல் "அஸன்பே சரித்திரம்" எழுதினார், அது இலங்கையின் முதல் தமிழ் நாவல், 1892இல் ஸாஹிராவுக்கு வித்திட்டார் என்று விழா மலர்களில் வரிசையாக வரும். எல்லாம் சரி. ஆனால் 1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் தொடங்கப்பட்ட பாடசாலை நிலைக்காமல் போனது பற்றி அந்த மலர்களில் ஒரு வரியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

எனக்கு அந்த 1884தான் முக்கியமாகப் படுகிறது. ஒரு முயற்சி சரிந்தது. அதைச் செய்தவர்கள் மனம் விட்டு ஒதுங்கவில்லை. நாடுகடத்தப்பட்டு இங்கே வந்திருந்த எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷாவின் ஊக்கம், வாப்பிச்சி மரைக்காரின் செல்வமும் செயலும், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்றோரின் உழைப்பு எல்லாம் சேர்ந்து, மருதானையில் மீண்டும் தொடங்கினார்கள். இரண்டாவது முயற்சி ஸாஹிராவாக நிலைத்தது. சித்திலெப்பை பிள்ளைகளுக்கான பாடநூல்களையும் தாமே எழுதினார். கண்டியில் பெண்பிள்ளைகளின் படிப்புக்கு வழி செய்தார். அதில் அவருடைய சகோதரி முத்து நாச்சியா துணை நின்றார். தோல்வியை மறைத்து வெற்றியை மட்டும் எழுதும்போது, சித்திலெப்பையிடமிருந்து நாம் கற்கக்கூடிய மிக உபயோகமான பாடத்தை நம் பிள்ளைகளுக்கு இல்லாமல் ஆக்குகிறோம்.

மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் விடயத்திலும் இதுவே நடக்கிறது. 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தவர், 1935இல் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். இந்தப் பட்டியலோடு பலர் நிறுத்திவிடுவார்கள். யுத்தகால உணவு உற்பத்திப் பணிக்காக 1942இல் அவர் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். வயல் வேலைகளை மேற்பார்க்கப் போன அதிகாரி, அங்குள்ள மக்களோடு பழகி, கெட்டித்தனமான பிள்ளைகள் வறுமையால் படிப்பை விடுவதைக் கண்டார். சுவாமி விபுலாநந்தர் போன்ற அறிஞர்களின் தொடர்பும் அங்கே வளர்ந்தது. கொழும்பிலும் கேம்பிரிட்ஜிலும் கிடைக்காத ஒரு பாடம் அவருக்குக் கல்முனையில் கிடைத்தது. அதன் விளைவாக 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி பிறந்தது. 1948இல் சிவில் சேவையையே விட்டுவிட்டு கொழும்பு ஸாஹிராவின் அதிபர் பதவியை ஏற்றார். 1961 வரை அங்கே இருந்தார்.

அவருடைய காலத்து ஸாஹிராவில் சமூகப் பேதமின்றி ஆசிரியர்களும் மாணவர்களும் இருந்தார்கள். பின்னாளில் பேராசிரியரான கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே மாணவராகவும் பிறகு ஆசிரியராகவும் இருந்தவர். அதிபரோ தொடர்ந்து வாசிக்கிறவர், எழுதுகிறவர், பயணம் போய் வந்து தாம் கண்டதைத் தமிழில் நூலாக்குகிறவர். படிக்கிற அதிபரைத் தினமும் பார்க்கிற ஆசிரியர் கூடத்துக்கு, கற்றல் கலாசாரம் என்றால் என்ன என்று செயலமர்வு வைத்து விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கதை கொழும்போடு முடிவதுமில்லை. அஸீஸுக்கு முன்னிருந்த டி.பி. ஜாயாவின் காலத்தில் கொழும்பு ஸாஹிரா தன் கிளைகளை வெளியூர்களில் திறந்தபோது மாத்தளையும் அவற்றில் ஒன்று. நமக்கு அண்மையில், கண்டி மாவட்டத்தில், கல்ஹின்னை என்ற கிராமத்தில் எஸ்.எம். ஹனிபா நடத்திய தமிழ் மன்றம் பெரிய அச்சுக்கூடமோ பெரிய பணமோ உள்ள நிறுவனமல்ல. ஆனால் எம்.எம். உவைஸ் தம் முதுமாணிப் பட்டத்துக்காகச் செய்த ஆய்வை, தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பு பற்றிய அந்த ஆங்கில நூலை, 1953இல் வெளியிட்டது அந்த மன்றம்தான். அந்த ஆய்வு ஒரு பல்கலைக்கழக அலுமாரியில் தூசு பிடித்துக் கிடந்திருக்கலாம். ஒரு கிராமத்து மன்றம் அதை நூலாக்கியதால், பின்னர் வந்த ஆய்வாளர்கள் அதன் மேல் நின்று தம் வேலையைத் தொடர முடிந்தது. ஓர் ஆள் கற்றது எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தவர்கள் செய்த வேலை அது.

கடையிலும் பட்டறையிலும்

பாடசாலையை மட்டும் குறை சொன்னால் அது நீதியாகாது. நம் பிள்ளைகளில் கணிசமானோர் சாதாரண தரத்தோடு கடைக்கோ கராஜுக்கோ தையலுக்கோ போகிறார்கள். அங்கே அவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று கல்வி பற்றிய எந்தக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை.

கராஜில் சேர்ந்த பையன் முதல் வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான், தேத்தண்ணி வாங்கி வருவான். என்ஜினில் நுட்பமான வேலை நடக்கும் நேரம் பார்த்து பாஸ் அவனை ஏதாவது வாங்கிவரக் கடைக்கு அனுப்பிவிடுவார் என்று பகிடியாகச் சொல்வார்கள். பகிடியில் பாதி உண்மை. தொழிலைக் "கண்ணால் களவெடுத்துத்தான்" பழக வேண்டும் என்று பெருமையாகச் சொல்கிற மூத்தவர்களும் இருக்கிறார்கள். தான் பட்ட கஷ்டத்தை அடுத்தவனும் பட வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறு என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மாத்தளை வாசனைத் திரவிய வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். மிளகைக் கையில் அள்ளி, அதன் கனத்தையும் காய்ச்சலையும் பார்த்தே தரம் சொல்லிவிடுகிற மூத்த முதலாளிமார் இன்றும் இருக்கிறார்கள். கராம்பு, சாதிக்காய், வசுவாசி எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. அது பெரிய அறிவு. ஆனால் அதில் எவ்வளவு மகனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது? எவ்வளவு ஒரு கொப்பியில் எழுதப்பட்டிருக்கிறது? வாப்பா திடீரென வபாத்தானால் யாருக்குக் கடன் கொடுத்தார், யாரிடம் வாங்கினார் என்பதே தெரியாமல் குடும்பங்கள் தவிக்கின்றன. கடனை எழுதிவைக்கும்படி குர்ஆன் விரிவாகச் சொல்லியிருக்கிறது என்பதை நாம் அறியாதவர்களும் அல்ல. இன்னொன்று. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது. மிளகும் சாதிக்காயும் அங்கே ஆராயப்படுகின்றன. பரம்பரையாக இந்த வியாபாரம் செய்கிற நம்மவர்களில் எத்தனை பேர் அங்கே போய் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள்?

ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் ஒரு நடைமுறை உண்டு. வாகனம் பூட்டும் வரிசையில் நிற்கும் சாதாரணத் தொழிலாளி ஒரு பிழையைக் கண்டால், பக்கத்தில் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் வருவார். உடனே தீராவிட்டால் வரிசையே நிற்கும். கயிறு இழுத்தவனைத் திட்டுவதில்லை, பிழை எங்கிருந்து வந்தது என்றுதான் தேடுவார்கள். எங்கட கடையில் கணக்கில் பிழை இருக்கிறது என்று வேலைக்கு நிற்கிற பையன் சொன்னால், அவனுக்கு "வாய்க்காரன்" என்ற பெயர் விழும். பிறகு அவன் பிழையைக் கண்டாலும் சொல்ல மாட்டான். நட்டம் முதலாளிக்குத்தான்.

தொழிலை அனுபவத்தால் பழகியவர்களுக்கு ஒரு வாய்ப்பையும் இங்கே சொல்ல வேண்டும். பயிற்சி நிலையத்தில் படிக்காமலே பட்டறையில் தொழில் பழகியவர்கள், தம் திறமையை மதிப்பீட்டுக்கு உட்படுத்தித் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழைப் பெற முடியும். வெளிநாட்டு வேலைக்கும் அது உதவும். இதைத் தன் பையனுக்குச் சொல்லி அனுப்புகிற பாஸ், அவன் தன்னை விட்டுப் போய்விடுவான் என்ற பயத்தை வென்றவர்.

என்ன செய்யலாம்?

"இதெல்லாம் எழுத நல்லா ஈக்கும், செய்ய நேரம் எங்க?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம். பாடத்திட்டம் முடிக்க வேண்டும், பதிவேடுகள் நிரப்ப வேண்டும், சம்பளம் மாதக் கடைசி வரை போவதில்லை. நமது பாடசாலைகளில் பெரும்பாலான ஆசிரியர்கள் பெண்கள். ஒன்றரை மணிக்குப் பிறகு கூட்டம் என்றால், வீட்டில் அவர்களுக்குக் காத்திருக்கிற இரண்டாவது வேலையை யார் செய்வது? ஆகவே ஆசிரியர்களின் கற்றல் பாடசாலை நேரத்துக்குள், நேரசூசிக்குள் வர வேண்டும். மேலதிகச் சுமையாக வந்தால் அது இன்னொரு கோவையாகத்தான் முடியும்.

ஜப்பானிய ஆசிரியர்கள் நூறு வருடத்துக்கு மேலாகச் செய்துவருகிற ஒரு முறை இதற்கு நல்ல வழிகாட்டி. ஒரே பாடத்தைப் படிப்பிக்கிற சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரேயொரு பாடவேளையைத் திட்டமிடுவார்கள். ஒருவர் அதை வகுப்பில் நடத்துவார். மற்றவர்கள் பின்னால் நின்று, ஆசிரியரைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்ப்பார்கள்: எந்த இடத்தில் முகம் மலர்ந்தது, எந்த இடத்தில் பென்சில் நின்றது என்று. பிறகு கூடிப் பேசித் திருத்தி, இன்னொருவர் இன்னொரு வகுப்பில் நடத்துவார். கண்டதை எழுதிவைப்பார்கள். பாடம் எல்லோருக்கும் பொதுவானது என்பதால், பிழை கண்டுபிடிக்கப்பட்டாலும் அது தனி ஆளின் மானப் பிரச்சினையாவதில்லை. இதற்குப் பணம் தேவையில்லை. ஒரே பாட ஆசிரியர்களுக்குக் கிழமையில் ஒரு பாடவேளையாவது சேர்ந்து ஓய்வு கிடைக்கும்படி நேரசூசி போட ஓர் அதிபர் மனம் வைத்தால் போதும். தவணைக்கு ஒரு பாடம் என்று தொடங்கினாலும் வருடத்துக்கு மூன்று. பத்து வருடத்தில் முப்பது பாடங்கள் அந்தப் பாடசாலையின் சொந்தச் சொத்தாக இருக்கும்.

ஓய்வுபெறப் போகிற ஆசிரியருக்குக் கடைசித் தவணையில் பாடவேளைகளைக் குறைத்துக் கொடுத்து, தான் கண்ட வழிகளை எழுதச் சொல்லலாம். எழுதக் கஷ்டமானவர் பேசட்டும், இளைய ஆசிரியை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். பிரியாவிடை விழாவில் பொன்னாடையோடு அந்தக் கொப்பியின் பிரதியும் மேடையில் கைமாறட்டும். குர்ஆன் மத்ரஸாக்களுக்கும் இது பொருந்தும். எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளையைப் பிரம்பில்லாமல் ஓத வைத்த உஸ்தாத்மார் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுடைய வழி அவர்களோடு அடங்கிவிடக் கூடாது.

பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருக்கிற வியாபாரிகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பரிசளிப்பு விழா அறிக்கையில் எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்பதோடு, இந்த வருடம் ஆசிரியர்கள் புதிதாக என்ன கற்றார்கள், எந்தப் பாடத்தை மாற்றி நடத்திப் பார்த்தார்கள், அதில் எது சரிவரவில்லை என்று ஒரு பந்தி எழுதும்படி அதிபரிடம் கேளுங்கள். சரிவராததைச் சொன்னதற்காக அவரைக் குற்றக்கூண்டில் ஏற்றாதீர்கள். கேட்டுவிட்டு, உங்கள் கடையில் வேலைக்கு நிற்கிற பையனுக்கு இந்த மாதம் எதைச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். இரண்டுக்கும் ஒரு தவணை போதும்.